அரிக்கமேடு: ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு தொல்லியல் படிக்கலாமா? எங்கே தொடங்கணும், எதைத் தொடக்கூடாது?

விடியற்காலையில் புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் போய் நின்றால் மீன் இறக்கும் சத்தமும் ஐஸ் உடைக்கும் சத்தமும்தான் கேட்கும். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம் வழியாக விசைப்படகுகள் கடலுக்குப் போகும், வரும். அதே ஆற்றில் கடலை விட்டு உள்பக்கமாகப் போனால், எதிர்க்கரையில் மரங்கள் அடர்ந்த ஒரு மேடு இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு. சுமார் 2,000 வருஷத்துக்கு முன்பும் இந்த ஆற்றங்கரையில் சரக்கு இறங்கியது. அப்போது வந்தது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுவும் எண்ணெயும்.

பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்த பெயர்தான் இது. ஆனால் பக்கத்திலேயே 50, 60 வருஷம் வாழ்ந்தும் ஒருமுறைகூட போய்ப் பார்க்காதவர்கள் உண்டு. வேலை, குழந்தைகள், கடன் என்று ஓடி முடித்து, ஓய்வு பெற்ற பிறகுதான் பலருக்கும் "நம்ம ஊர்ல என்னதான் இருந்துச்சு?" என்று கேட்க நேரம் கிடைக்கிறது.

அப்படிக் கேட்கும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொல்லியல் ஆர்வக் குழு தொடங்கலாமா? வயது தடையா? பட்டம் வேணுமா? மண்ணைத் தோண்டலாமா? இந்தக் கேள்விகளுக்கு அரிக்கமேட்டின் கதையிலேயே பதில் இருக்கிறது. ஆர்வலர்கள் கண்ணில் பட்டு வெளிச்சத்துக்கு வந்த இடம் அது. அதே ஆர்வத்தால் கொஞ்சம் சேதமும் அடைந்த இடம். விவரமாகப் பார்ப்போம்.

அரிக்கமேடு எங்கே இருக்கு? என்ன விசேஷம்?

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், காக்காயந்தோப்பு பக்கம் இருக்கிறது. கடலோரமாகப் பக்கத்து ஊர் வீராம்பட்டினம்.

ஊர்ப் பெயர்களையே கவனியுங்கள். தேங்காய்த்திட்டு, அரிக்கமேடு, காக்காயந்தோப்பு. 'திட்டு' என்றால் நீருக்கு நடுவே உயர்ந்து நிற்கும் நிலம். 'மேடு' என்றால் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்த இடம். 'தோப்பு' மரங்கள் நின்ற இடம். தொல்லியலில் முதல் பாடமே இதுதான். சமதளமான ஆற்றங்கரையில் ஒரு இடம் மட்டும் மேடாக இருந்தால், அங்கே மனிதர்கள் பல தலைமுறை வாழ்ந்து, வீடு இடிந்து, அதன்மேல் திரும்பக் கட்டி, மண் உயர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எல்லா மேடும் அப்படி இல்லை. ஆனால் மேட்டைப் பார்த்தால் ஒரு கேள்வி கேட்கணும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு நூலில் 'பொதுகே' என்ற துறைமுகம் வருகிறது. அது இந்தப் பகுதிதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

அகழாய்வுகளில் இங்கே கிடைத்தவை: இத்தாலியில் செய்யப்பட்ட 'அரிட்டைன்' வகை சிவப்பு மட்பாண்டங்களின் உடைந்த துண்டுகள், 'ஆம்போரா' எனப்படும் இரண்டு கைப்பிடி ஜாடிகளின் துண்டுகள், தமிழ்-பிராமி எழுத்து பொறித்த பானை ஓடுகள், ஆயிரக்கணக்கான கண்ணாடி மணிகள், கல்மணிகள். ஆம்போராக்களில் மது, ஆலிவ் எண்ணெய் தவிர, மீனை உப்பில் ஊறவைத்துத் தயாரித்த 'காரும்' என்ற சாறும் வந்திருக்கிறது. மீன் பிடிக்கும் ஊருக்கே வெளிநாட்டு மீன் சாறு!

மணிகள் விஷயத்தில் இது இறக்குமதி செய்த ஊர் மட்டுமல்ல, தயாரித்த ஊர். கண்ணாடியை உருக்கிக் குழாயாக இழுத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கிச் செய்யும் மணிகளை ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று அழைத்தார். ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கும் இந்த வகை மணிகளைச் செய்த ஆரம்பகால மையங்களில் ஒன்றாக அரிக்கமேடு எண்ணப்படுகிறது.

முதலில் கண்டுபிடித்தது யார்?

'மார்ட்டிமர் வீலர்' என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அது பாதி பதில்தான். அவருக்கு முன்னால் ஒரு வரிசையே இருக்கிறது.

முதலில் ஊர் மக்கள். 18-ம் நூற்றாண்டிலேயே வீராம்பட்டினம் பகுதி மக்கள் இங்கிருந்து பெரிய பெரிய பழைய செங்கற்களை எடுத்துப் பயன்படுத்தியதாகப் பிரெஞ்சுக்காரர்களின் குறிப்புகளில் இருக்கிறது.

அடுத்தவர் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கத்தான் இந்தியாவுக்குக் கிளம்பினார். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் கரை இறங்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, 1769-ல் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றபோது மேகம் மறைத்துவிட்டது. வந்த காரியம் நடக்கவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்களைப் பார்த்ததையும், இது பழைய ராஜா ஒருவரின் கோட்டை என்று ஊர்க்காரர்கள் சொன்னதையும் எழுதி வைத்தார். அரிக்கமேடு பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் அது முக்கியமானது. அவர் தொல்லியல் படித்தவர் இல்லை. பார்த்தார், விசாரித்தார், எழுதினார். அவ்வளவுதான்.

மூன்றாவதாக, ஊர்ப் பிள்ளைகள். மழை பெய்து ஓய்ந்தால் மேட்டில் மணிகள் பளபளவென்று தெரியும். அதைப் பொறுக்குவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. 1937 வாக்கில் அந்த மணிகள் ழூவோ-துப்ரேய் என்பவரின் கவனத்துக்கு வந்தன. புதுச்சேரியில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். பல்லவர் வரலாறு, தென்னிந்தியக் கோயில் கட்டடக் கலை பற்றி ஏற்கெனவே நூல்கள் எழுதியவர். பிள்ளைகளிடமிருந்து வாங்கியும், மேட்டில் தானே சேகரித்தும் வைத்த பொருள்களில், ஒரு மனிதத் தலை செதுக்கிய சின்னக் கல் இருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அவர் அடையாளம் கண்டார். இது ஒரு ரோமானிய நகரம் என்று பிரெஞ்சு ஆளுநருக்கும் தெரிவித்தார்.

ஆக, செங்கல் எடுத்த ஊர்க்காரர், நட்சத்திரம் பார்க்க வந்தவர், மணி பொறுக்கிய பிள்ளைகள், ஒரு கல்லூரி ஆசிரியர். இதில் ஒருவர்கூட தொழில்முறை அகழாய்வாளர் இல்லை.

சரி, ஆர்வத்தால் என்ன நஷ்டம்?

கதையின் அடுத்த பகுதி அவ்வளவு சந்தோஷமானது இல்லை. 1940-களின் தொடக்கத்தில், அகழாய்வுப் பயிற்சி இல்லாதவர்கள் இங்கே ஆங்காங்கே குழி தோண்டினார்கள். அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். கிடைத்த பொருள்களில் சில இந்திய அருங்காட்சியகங்களுக்குப் போயின, சில வியட்நாமின் ஹனோய் நகரில் இருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கும் போயின.

பொருள் பத்திரமாகத்தானே போய்ச் சேர்ந்தது, அதில் என்ன நஷ்டம்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டு உதாரணம். பழைய நியூஸ்பேப்பர்களை ஒரு மூலையில் அடுக்கிக்கொண்டே வருகிறோம். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. நடுவில் ஒரு பஸ் டிக்கெட் கிடைத்தால், அதில் தேதி இல்லாவிட்டாலும், மேலும் கீழும் இருக்கும் பேப்பர்களின் தேதியை வைத்து அது எந்த மாதத்து டிக்கெட் என்று சொல்லிவிடலாம். யாரோ வந்து கட்டைக் கலைத்து டிக்கெட்டை மட்டும் எடுத்து நம் கையில் கொடுத்தால்? டிக்கெட் இருக்கும், தேதி போய்விடும்.

மண்ணும் அப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு பானை ஓடு எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். அகஸ்டஸ் உருவம் என்று சொல்லப்பட்ட அந்தக் கல் உலகத்தின் கவனத்தை இழுத்தது உண்மை. ஆனால் அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாததால், அதை வைத்து அரிக்கமேட்டின் வயதைக் கணக்கிட முடியாது. ஒருமுறை தோண்டிய அடுக்கைத் திரும்ப அடுக்கவும் முடியாது.

வீலர் வந்து என்ன செய்தார்?

1944-ல் மார்ட்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். சென்னை அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, அங்கே வைத்திருந்த ஒரு ஆம்போரா ஜாடித் துண்டு அவர் கண்ணில் பட்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில் புதுச்சேரி என்று தெரிந்தது. உடனே இங்கே வந்து, ஆர்வலர்கள் சேகரித்து வைத்திருந்த ஓடுகளைப் பார்த்தார். அவற்றில் இத்தாலிய அரிட்டைன் ஓடுகளும் இருந்தன.

1945-ல் பிரெஞ்சு நிர்வாகத்தின் ஒப்புதலோடு அகழாய்வு நடந்தது. அரிட்டைன் பாண்டங்கள் இத்தாலியில் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஏற்கெனவே தெரியும். ஆகவே அவை கிடைத்த அடுக்கின் காலமும் தெரிந்துவிடும். அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளின் காலமும் தெரிந்துவிடும். அதே மாதிரிப் பானைகள் தென்னிந்தியாவில் வேறு எங்கே கிடைத்தாலும் காலம் சொல்லிவிடலாம். அதுவரை தென்னிந்தியத் தொல்லியலில் இப்படி உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஒரு தேதி இல்லை. அரிக்கமேட்டின் உண்மையான முக்கியத்துவம் இதுதான். அகஸ்டஸ் கல்லைவிட, சரியான அடுக்கில் எடுத்த உடைந்த ஓடு அதிகம் பேசியது.

அடுத்து 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் இங்கே ஆய்வு செய்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து மறுபடி அகழாய்வு நடந்தது. இந்தக் கடைசி ஆய்வு கதையையே மாற்றியது. ரோம வணிகம் வருவதற்கு முன்பே, கி.மு. 2-ம் நூற்றாண்டிலோ அதற்கும் முன்போ, இங்கே மக்கள் வாழ்ந்தது தெரிந்தது. ரோம வணிகம் குறைந்த பிறகும் ஊர் உடனே அழிந்துவிடவில்லை. முன்பு ரோமானியச் சரக்கு என்று நினைத்த 'ரூலெட்டட்' பாண்டங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதும் இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அதாவது இது ரோமானியர் கட்டிய நகரம் இல்லை. உள்ளூர்க்காரர்களின் துறைமுகம். ரோம உலகம் இங்கே வியாபாரத்துக்கு வந்தது.

அங்கே நிற்கும் சுவர் 2,000 வருஷப் பழசா?

இல்லை. அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். மரங்களுக்கு நடுவே உயரமாக நிற்கும் செங்கல் சுவர்களைப் பார்த்து, "ரோமானியர் கட்டினது" என்று போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். அது 1770-களில் பிரெஞ்சு கத்தோலிக்க மிஷனரிகள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். பழைய துறைமுகத்தின் கட்டடங்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. வீலர் கண்ட 150 அடி நீளக் கட்டடம் ஒன்றை அவர் சரக்குக் கிட்டங்கி என்று கருதினார். அகழாய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவது வழக்கம். அதனால் போனால் கண்ணுக்குத் தெரிவது புல்லும் மரமும்தான்.

"ஒண்ணுமே இல்லையே" என்று திரும்பி வருவதும், "எங்கே எது இருந்தது?" என்று வரைபடத்தோடு நடப்பதும் வேறு வேறு. இரண்டாவதற்குத்தான் ஒரு குழு தேவைப்படுகிறது.

வயசான பிறகு இதெல்லாம் கத்துக்க முடியுமா?

இதற்கு உலக அளவில் ஒரு முன்மாதிரி உண்டு. 1973-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் பியர் வெல்லா என்ற பேராசிரியர், ஓய்வு பெற்றவர்களுக்காக 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்பதைத் தொடங்கினார். படிப்புப் பருவம், வேலைப் பருவம் முடிந்து வருவது மூன்றாம் பருவம். 1980-களில் பிரிட்டனுக்குப் போனபோது அது இன்னும் எளிமையாக மாறியது. பேராசிரியர் வேண்டாம், தேர்வு இல்லை, பட்டம் இல்லை. உறுப்பினர்களே ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுப்பார்கள். அங்கே ஊர் வரலாறு, தொல்லியல் குழுக்கள் ரொம்பப் பிரபலம்.

நம் ஊரில் உதாரணம் வேணுமா? ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். 1980-ல் அரசுப் பணியை விட்டு ஆய்வுக்கு வந்தார். நடுவே 'தினமணி' ஆசிரியராகவும் இருந்தார். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவரது பெரிய நூல் 2003-ல் வெளிவந்தபோது வயது 70-ஐத் தாண்டியிருந்தது. திருச்சியில் 1982-ல் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தைத் தொடங்கிய இரா. கலைக்கோவன் தொழிலில் கண் மருத்துவர்.

புதுச்சேரியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இந்தப் பகுதியின் கல்வெட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தவர் பாகூர் சு. குப்புசாமி. அந்தத் தொகுப்பு, கல்வெட்டறிஞர் கோ. விஜயவேணுகோபால் பதிப்பில் 2006-ல் நூலாக வெளிவந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் 1911-ல் ஆளுநர் மார்த்தினோ முயற்சியில் தொடங்கிய வரலாற்றுச் சங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஊர் வரலாற்றுக்காகக் கூடி உட்காருவது புதுச்சேரிக்குப் புதுசு இல்லை.

கீழடியின் கதையும் தெரிந்ததுதான். அகழாய்வு தொடங்கியது 2014-15-ல். ஆனால் 1970-களிலேயே அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த பாலசுப்பிரமணியம், மாணவர்கள் சொன்னதைக் கேட்டு, கிணறு வெட்டும்போது கிடைத்த பழம்பொருள்களைச் சேகரித்து, அதிகாரிகளுக்கும் தெரிவித்தார். 2006-ல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர், வீட்டுத் தோட்டத்தில் கன்று வைக்கக் குழி தோண்டியபோது ஒரு கற்கோடரி கிடைத்தது. அதைத் தெரிந்த தொல்லியல் அலுவலரிடம் கொடுத்தார். அதில் இருப்பவை சிந்துவெளிக் குறிகளா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் விவாதிக்கவே ஒரு பொருள் இருப்பதற்குக் காரணம், அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டாததுதான்.

தேங்காய்த்திட்டு மாதிரி ஊரில் யாருக்கு என்ன வேலை?

தொல்லியல் என்றாலே மண்வெட்டி என்று நினைக்க வேண்டாம். வெயிலில் குனிந்து நிற்க முடியாதவர்களுக்கு மேஜை வேலையே நிறைய இருக்கிறது.

பிரெஞ்சு தெரிந்தவர்கள்: கசாலின் அகழாய்வு அறிக்கை பிரெஞ்சில் இருக்கிறது. ழூவோ-துப்ரேய் எழுதியவற்றில் பலவும் அப்படியே. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்களும் சொல்தா குடும்பத்தினரும் வாசித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லலாம். இது புதுச்சேரிக்கு மட்டுமே கிடைத்த வசதி. அந்தத் தலைமுறையோடு அது குறைந்துகொண்டும் வருகிறது.

கடலுக்குப் போனவர்கள்: முகத்துவாரம் முன்பு எங்கே இருந்தது, ஆறு எந்தப் பக்கம் கரையை அரித்தது, எங்கே தண்ணீருக்கடியில் கல் தட்டும், வலை எங்கே சிக்கும். இதெல்லாம் எந்த நூலிலும் இல்லை. பழைய துறைமுகம் பற்றி யோசிக்க ஆற்றின் போக்கு தெரிய வேணும்.

சர்வே, பொதுப்பணி வேலையில் இருந்தவர்கள்: வரைபடம் வாசிக்கவும் அளவு எடுக்கவும் தெரியும்.

தமிழாசிரியர்கள்: கல்வெட்டு வாசகம், ஊர்ப் பெயர், நிலப் பெயர்.

வீட்டிலேயே இருந்த பெண்கள்: எந்தக் குளம் தூர்ந்தது, எந்தச் சாமி முன்பு எங்கே இருந்தது, எந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது அவர்களிடம்தான் அதிகம் கிடைக்கும்.

ஆறு மாதம், ஆறு வேலை

மாதம் ஒரு சந்திப்பு, ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் போதும்.

முதல் மாதம்: புதுச்சேரி அருங்காட்சியகம். பாரதி பூங்கா அருகே இருக்கிறது. அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. ஆம்போராத் துண்டு எப்படி இருக்கும், கருப்பு-சிவப்புப் பானை எப்படி இருக்கும் என்று முதலில் கண் பழக வேணும்.

இரண்டாம் மாதம்: வாசிப்பு. 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நகரத்திலேயே இருக்கிறது. அங்கே நூலகமும், தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட தொகுப்பும் உண்டு. பயன்படுத்தும் விதிமுறைகளைக் கேட்டுக்கொண்டு போகலாம்.

மூன்றாம் மாதம்: அரிக்கமேடு. கையில் வரைபடம், தொப்பி, தண்ணீர். காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பணும். கை வைக்காமல் பார்ப்பதே அன்றைய பாடம்.

நான்காம் மாதம்: பாகூர். மூலநாதர் கோயில் கல்வெட்டுகள். 9-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த ஒரு கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது.

ஐந்தாம் மாதம்: திருபுவனை. அங்கே 1048-ம் ஆண்டைச் சேர்ந்த சோழர் கல்வெட்டு ஒன்று, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. படிக்கக் கூடும் குழுவுக்குப் பொருத்தமான இடம்.

ஆறாம் மாதம்: சொந்தத் தெரு. ஆளுக்கு ஒரு பெரியவரிடம் பேசி, பழைய இடப் பெயர்களைக் குறித்துக்கொண்டு வந்து, ஒரே வரைபடத்தில் எழுதுவது. போனில் பதிவு செய்வதாக இருந்தால் அனுமதி கேட்டுவிட்டுச் செய்யணும்.

எதைச் செய்யவே கூடாது?

தோண்டக்கூடாது. அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் இங்கே யாரும் அகழாய்வு செய்ய முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2010-ல் வந்த திருத்தம், சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை விதிக்கிறது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட முன் அனுமதி வேணும்.

பொறுக்கக்கூடாது, வாங்கவும் கூடாது. ஒரு மணிதானே என்று பையில் போட்டுக்கொண்டால், இருநூறு பேர் வந்தால் இருநூறு மணி போய்விடும். யாராவது விற்க வந்தால் காசு கொடுத்து வாங்குவது உதவி இல்லை. வாங்க ஆள் இருந்தால் தோண்டவும் ஆள் வரும்.

கல்வெட்டில் சாக்பீஸோ மாவோ தடவக்கூடாது. எழுத்து தெரியவில்லை என்றால் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தாலே போதும், குழிந்த எழுத்தில் நிழல் விழுந்து வாசிக்க முடியும்.

கிடைத்ததற்கு அவசரமாக வயது சொல்லக்கூடாது. "3,000 வருஷப் பழைய ஓடு" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால், மறுநாள் அந்த இடத்தில் குழி இருக்கும்.

தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால்?

வீடு கட்ட அஸ்திவாரம் போடும்போதோ, குழாய் பதிக்கும்போதோ பழைய ஓடு, உறைகிணற்று வளையம், சிலை, காசு தென்படலாம். அப்போது செய்ய வேண்டியவை இவை.

1. வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். பொருளை இழுத்து எடுக்காதீர்கள், கழுவாதீர்கள்.

2. இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ காசோ வைத்தால் அளவு தெரியும். ஒரு படம் கிட்டத்தில், ஒரு படம் தூரத்தில்.

3. தரையிலிருந்து எவ்வளவு ஆழம், மண்ணின் நிறம் என்ன, தேதி, போனில் காட்டும் இருப்பிடம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேணும் என்கிறது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறைக்கு அதில் இடம் உண்டு.

5. கொடுத்ததற்கு ஒப்புதல் சீட்டு வாங்கி, நகலைக் குழுவின் கோப்பில் வையுங்கள்.

"சொன்னா நிலத்தையே எடுத்துக்குவாங்க" என்ற பயம் பலருக்கு உண்டு. ஒரு பானை ஓடு கிடைத்த உடனே நிலம் பாதுகாக்கப்பட்ட இடமாக ஆகிவிடாது. அதற்கு முறையான அரசு அறிவிப்பு, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாத அவகாசம் எல்லாம் இருக்கின்றன.

ஏன் இப்போதே தொடங்கணும்?

அரிக்கமேட்டின் ஆற்றோரப் பகுதியை ஆறு நீண்ட காலமாக அரித்து வந்திருக்கிறது. ஆற்றில் விழுந்த அடுக்கு போனதுதான். கரையைக் காப்பது அரசின் வேலை. ஆனால் கரை எங்கே சரிந்தது, எப்போது சரிந்தது என்று வருஷா வருஷம் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் போட்டோ எடுத்து, தேதி போட்டு வைப்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. பத்து வருஷம் கழித்து அந்தப் படங்களை வரிசையாக வைத்தால், அது அதிகாரிகள் மேஜையில் வைக்கக்கூடிய ஆதாரம்.

இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. துறைமுகம் வருவதற்கு முன் தேங்காய்த்திட்டு எப்படி இருந்தது, ஆற்றை எங்கே கடந்தார்கள், மேட்டில் மணி பொறுக்கி என்ன செய்தார்கள் என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஞாபகமும் ஒரு அடுக்குதான். அதை எடுக்க உரிமம் வேண்டாம். ஒரு நோட்டும், எதிரே உட்கார்ந்து கேட்க ஒரு ஆளும் போதும்.

மேகம் மறைத்து வந்த வேலை கெட்டுப்போன லெ ஜான்தி, போகிற போக்கில் ஆற்றங்கரைச் செங்கல் பற்றி எழுதிய சில வரிகள் 250 வருஷம் கழித்தும் பயன்படுகின்றன. அவரிடம் அன்று செங்கல் எடுத்த ஊர்க்காரர்களின் பெயர்களும் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இந்தமுறை அந்தப் பெயர்களையும் எழுதலாம்.